கேதாரத்தின் பிரம்ம கமலம்

கடந்த ஆவணியில் ஓர் இரவு, உத்திரமேரூரில் எங்கள் தெருக்கோடி வீட்டு மாடியில் சிறு கூட்டம் ஒன்று கூடியது. தொட்டிச் செடியில் மூன்று மொட்டுகள் அன்றிரவு விரியப் போகின்றன என்று அவ்வீட்டு அம்மையார் மாலையிலேயே சொல்லியனுப்பியிருந்தார். ஒன்பது மணிக்குமேல் மொட்டுகள் மெல்ல அவிழ்ந்தன. பெரிய வெண்ணிற மலர்கள்; மாடியெங்கும் நறுமணம். கற்பூரம் காட்டினார்கள். பிரம்ம கமலம் மலர்வதைக் கண்டால் நினைத்தது கைகூடும் என்று ஒருவர் சொல்ல, அனைவரும் கைகூப்பினோம். அப்போது அவ்வீட்டுப் பேரன் என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டான்: "தாத்தா, கேதார்நாத் சுவாமிக்குச் சாத்துகிற பூ இதுதானா? படத்தில் வேறு மாதிரி இருந்ததே!"

சிறுவன் கேட்டது சரியான கேள்வி. பக்தியோடு கூடியிருந்த அந்த இடத்தில் விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசக அன்பர்கள் பலர் இல்லங்களிலும் இச்செடி இருக்கக்கூடும் என்பதால் இங்கே சொல்கிறேன்.

நம் மாடிகளில் இரவில் மலர்வது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. மெக்சிகோவும் அதனை அடுத்த நாடுகளும் அதன் தாயகம். நிஷாகந்தி என்ற பெயரும் அதற்கு உண்டு. இரவில் திரியும் அந்துப்பூச்சிகளை அழைக்கவே அத்தனை வெண்மையும் மணமும், விடிவதற்குள் வாடிவிடும். அதற்குக் கற்பூரம் காட்டியது பிழை என்று நான் கூறமாட்டேன். எம்மலரும் இறைவன் படைப்பே. ஆயினும் கேதாரநாதருக்கும் பத்ரிநாராயணருக்கும் சாத்தப்பெறும் பிரம்ம கமலம் வேறு.

அது இமயத்தில் மூவாயிரம் மீட்டருக்கு மேலே, மரங்கள் நின்றுபோன உயரத்தில், பாறை இடுக்குகளிலும் புல்வெளிச் சரிவுகளிலும் வளர்வது. உத்தராகண்ட மாநிலத்தின் மலர் அதுவே. பெயரில் கமலம் என்றிருப்பினும் அது தாமரையின் உறவன்று. நாம் மாலை தொடுக்கும் சாமந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு முழ உயரமே இருக்கும் சிறு செடி.

அங்கே ஒரு செடி உயிர் தரிப்பது எளிதன்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு பாகையளவு குறையும். கேதாரநாதர் ஆலயம் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் ஊரோ கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயராதது. எனவே இங்கே வியர்த்துக்கொண்டிருக்கும் அதே நாளில் அங்கே இருபது பாகைக்கும் அதிகமாகக் குளிர்ந்திருக்கும். காற்றும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. வெயிலோ கடுமையானது, மெல்லிய காற்று அதன் புற ஊதாக் கதிர்களைப் போதிய அளவு தடுப்பதில்லை. ஆலயம் நடை சாத்தப்பெறும் ஆறு மாதமும் செடிகளும் பனிக்கடியில்தான். தண்டும் இலையும் மடிந்தபின், மண்ணுக்குள் இருக்கும் வேர்த்தண்டு மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பனியே அதற்குப் போர்வை. மேலே எத்தனை கடுங்குளிர் வீசினாலும் அடியிலுள்ள மண் அவ்வளவாகக் குளிர்வதில்லை. பனி உருகியபின் கிடைக்கும் மூன்று, நான்கு மாதங்களுக்குள் தளிர்த்து, பூத்து, விதை முற்றவும் வேண்டும்.

அதற்கு அச்செடி கண்ட வழி வியப்பிற்குரியது. தாமரை இதழ்களைப் போல நாம் காண்பவை இதழ்களே அல்ல. அவை வெளிர் மஞ்சளும் பசுமையும் கலந்த, காகிதம்போல் மெல்லிய, ஒளி ஊடுருவும் இலைகள். அவற்றின் உள்ளேதான் கருஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சிறு பூக்கள் கொத்தாக அமர்ந்துள்ளன. காற்றடிக்கும் பிராகாரத்தில் அகல் அணையாதிருக்க இரு கைகளையும் குவித்துக்கொண்டு நடப்போமே, அதுபோல அவ்விலைகள் பூங்கொத்தைக் குவிந்து காக்கின்றன. பகல் வெப்பம் உள்ளே தங்குகிறது. மழை மகரந்தத்தை நனைப்பதில்லை. குளிரில் அலையும் வண்டுக்கும் அங்கே சற்று இதம் கிடைக்கும்.

இதன் உறவான இன்னொரு செடி இன்னும் உயரத்தில் வாழ்கின்றது. அங்குள்ளோர் அதனைப் பேன கமலம் என்பர். உடல் முழுதும் வெண்பஞ்சு சுற்றி, கம்பளி போர்த்த முதியவர் பாறையோரம் குந்தியிருப்பதுபோலத் தோன்றும். வேறு சில செடிகள் காற்றுக்குத் தலைவணங்கி, தரையோடு தரையாய் மெத்தைபோல் படர்ந்துவிடுகின்றன.

இமயத்திற்குத்தான் இத்தகைய வாழ்வு என்று எண்ண வேண்டா. நம் நீலகிரி உச்சியில் செந்நிறக் கொத்துகளாய்ப் பூக்கும் காட்டுப் பூவரசு, கேதார வழியில் புராஞ்சு என்று காட்டுவார்களே, அதே இனம். இடையிலுள்ள சமவெளியில் எங்கும் அது காணப்படுவதில்லை. தடித்த இலைகளின் அடியில் மெல்லிய உரோமம் பூண்டு அதுவும் மலைக்குளிரைத் தாங்குகின்றது.

பிரம்ம கமலத்தைப் பறிப்பதற்குக் கார்வால் மலைமக்களிடம் பழைய கட்டுப்பாடு ஒன்றுண்டு. பாத்ரபத மாதத்து வளர்பிறை அஷ்டமியான நந்தாஷ்டமிக்கு முன் அதில் கை வைக்கலாகாது. அம்மலர் முதலில் நந்தாதேவிக்கே உரியது. அந்நாளுக்குள் முன்னே பூத்தவை பெரும்பாலும் விதை கொண்டிருக்கும் என்பதை எண்ணும்போது, அக்கட்டுப்பாட்டின் அருமை விளங்கும். எங்கள் ஊருக்கும் இது புதிதன்று. முதற் பராந்தக சோழரின் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறித்த சாசனங்களில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியமும் பேசப்படுகின்றது. தோட்டத்துக்கென்று வாரியம் அமைத்த ஊரார், நந்தாஷ்டமிக் கட்டுப்பாட்டைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்.

இக்காலத்தில் யாத்திரிகர் பெருகிவிட்டனர். எல்லோருக்கும் அம்மலர் வேண்டும். பூ மலரும்போதே பறித்துவிட்டால் அவ்வாண்டின் விதை அதனோடு போயிற்று. பூமி வெப்பமடைய, கீழ்மலை மரங்களும் செடிகளும் மேலேறி வருகின்றன. உச்சியில் இருப்பது எங்கே ஏறும்?

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆவணியில் கேதாரம் சென்றபோது, வழியில் ஒருவரிடம் இரண்டு பிரம்ம கமலம் வாங்கினேன். ஒன்றைச் சந்நிதியில் சமர்ப்பித்தேன். மற்றொன்றைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். பூஜையறையில் அது நெடுநாள் இருந்தது. ஒருநாள் துடைப்பதற்காக எடுத்தபோது சருகாய் நொறுங்கியது. உள்ளிருந்து உதிர்ந்தவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முளைத்திருக்க வேண்டிய இடம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. துளசி மாடத்தில் போட்டேன். வேறென்ன செய்ய?

ஞானசம்பந்தரும் சுந்தரரும் கேதாரத்தைத் திருக்காளத்தியில் இருந்தபடியே பாடினார்கள் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. நம் இல்லத்துப் பெண்டிர் ஐப்பசி அமாவாசையில் கேதார கௌரி விரதம் நோற்பதும் இங்கிருந்தேதான். நோன்புக் கலசத்துக்கு நம் தோட்டத்து மலரே போதுமானதாய் இருக்கின்றது.

அடுத்த மாதம் எங்கள் ஊரிலிருந்து சிலர் கேதாரம் புறப்படுகின்றனர். என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டவரிடம், விபூதியும் சொம்பில் சிறிது கங்கை நீரும் போதும் என்றேன். மாடி வீட்டுச் சிறுவனும் அருகில் இருந்தான். தனக்கு ஒரு படம் வேண்டுமாம்: பூ செடியிலேயே இருக்க வேண்டும், பக்கத்துப் பாறையும் தெரிய வேண்டும்.