மலை யாருக்குச் சொந்தம்?

2025 மே 21 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. என்ன வழக்கு? கொலையா, கொள்ளையா? இல்லை, தோழர்களே! இங்கிலாந்தின் தென்மேற்கே டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்தில், சாமானிய மனிதன் கூடாரம் அடித்து ஓர் இரவு உறங்கலாமா, கூடாதா என்பதே வழக்கு!

அங்கே ஏறத்தாழ 4,000 ஏக்கரை உடைமையாகக் கொண்ட சீமான் 'கூடாது' என்றார். திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக அந்த நிலத்தில் நுழையும் உரிமையை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் மக்களுக்குத் தந்திருக்கிறது. உறக்கம் எப்படிப் பொழுதுபோக்காகும் என்று வாதாடினார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான மக்கள் டார்ட்மூரில் திரண்டனர். ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையை மீட்டுத் தந்தது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதி செய்தது.

அங்கே ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லாத மக்கள் ஏன் திரண்டனர்? பத்திரம் ஒருவர் பெட்டியில் இருக்கிறது. பாசமோ பல்லாயிரவர் நெஞ்சில் இருக்கிறது! இப்பாசத்துக்கு ஆராய்ச்சியாளர் இரண்டு வேர்களைச் சொல்வர். ஒன்று தேவை: வேறெங்கும் கிடைக்காத ஒன்று அவ்விடத்தில் கிடைக்கிறது. மற்றொன்று, 'நான் யார்' என்ற எண்ணத்தோடு அந்த இடமே கலந்துவிடுகிறது. தந்தையின் கைபிடித்து ஏறிய குன்றும், நண்பனோடு ரொட்டியைப் பங்கிட்டுண்ட பாறையும், போகப்போக ஒருவனுடைய வாழ்க்கையின் பகுதிகளாகிவிடுகின்றன. அவற்றுக்கு விலை கூற எந்தச் சீமானால் முடியும்?

ஆலைத் தொழிலாளி இதை அன்றே அறிந்திருந்தான். மான்செஸ்டரிலும் ஷெப்பீல்டிலும் புகையை விழுங்கி உழைத்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மூச்சுவிடும் நாள். அருகிலேயே கிண்டர் ஸ்கௌட் மலை. ஆனால் அது பிரபுக்கள் பறவை சுட்டு மகிழ ஒதுக்கிய இடம். ஏழை கால் வைத்தால் காவலாட்கள் தடியோடு வருவர்!

1932 ஏப்ரல் 24, ஞாயிறு. சில நூறு இளைஞர்கள் தடையை மீறி மலையேறினர். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. அவர் உட்பட ஐவர் சிறை சென்றனர்.

வீணாயிற்றா அந்தச் சிறைவாசம்? 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் அந்த மலை அடங்கிய பீக் மாவட்டம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2000-இல் மேட்டுநிலங்களில் உலவும் உரிமையைச் சட்டம் விரிவாக்கிற்று. 2002-இல், அன்றைய நிலவுடைமைப் பிரபுவின் பேரனே, தம் பாட்டனார் செய்தது தவறு என்று மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார்!

ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. இங்கிலாந்தின் நிலத்தில் ஏறத்தாழ 8 சதவீதத்தில்தான் இன்றும் தடையின்றி உலவும் உரிமை உண்டு.

மலையை நேசித்தவர்கள் அதற்கு முன்னும் இருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று பெருமூச்சு விட்டார்கள். அவர்கள் ஒன்று சேர்ந்த அன்றே வேலி அசைந்தது. தனித்து நின்றால் பாசம் ஏக்கம். திரண்டு நின்றால் அதுவே சட்டம்!