சான்றிதழ் வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டுமா?

"ஆட்டிசமா இல்லையா என்று முதலில் மருத்துவர் எழுதித் தரட்டும், பிறகு பெற்றோர் சிறப்புக் கல்வித் தேவைக்கான மதிப்பீடு கேட்கட்டும்" என்கிறார்கள் இங்கிலாந்தில் சிலர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லையே! 2014ஆம் ஆண்டுக் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம் பார்ப்பது இரண்டே: பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கக்கூடுமா, தனித்திட்டம் போட்டு உதவ வேண்டியிருக்கலாமா? மருத்துவச் சான்று நிபந்தனையே இல்லை. அந்தச் சான்றுக்கோ பல ஊர்களில் வருடக்கணக்கில் வரிசை. அதை வாசற்படியாக்கினால் ஐந்து வயதில் கேட்ட உதவி எட்டு வயதில்தான் வரும்.

மதிப்பீட்டின்போது உள்ளாட்சி கேட்ட 6 வாரத்துக்குள் சுகாதாரத் துறை அறிக்கை தர வேண்டும். விண்ணப்பித்த 20 வாரத்துக்குள் திட்டம் முடிவாக வேண்டும். ஆனால் "இந்தப் பிள்ளை எங்களிடம் வந்ததில்லை" என்ற ஒற்றை வரியே அறிக்கையாக வருவதும் உண்டு. வராததால்தானே பார்க்கச் சொன்னது!

பெற்றோர் சலுகைக்கு அலைகிறார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் அண்மை ஆண்டுகளில் உள்ளாட்சியின் முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் விசாரணைவரை போன மேல்முறையீடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெற்றோர் பக்கமே முடிந்திருக்கின்றன. இத்தனைக்கும் அத்தீர்ப்பாயம் கல்வி உதவிக்குத்தான் கட்டளையிட முடியும். சுகாதாரப் பகுதிக்கு வெறும் பரிந்துரைதான்.