வண்டிக்கு விசாரணை, ஊழியனுக்கு லீவு

அரசாங்கத்துக்குச் சொந்தமான ஜீப் வண்டியொன்று கொழும்பு பேஸ்லைன் வீதியில் மின்கம்பத்தோடு மோதி முன்புறம் நெளிந்துவிட்டால், அந்த நட்டம் எப்படி நேர்ந்தது, எவருடைய கவனயீனத்தால் நேர்ந்தது, எவரிடமிருந்து எவ்வளவு அறவிடத்தக்கது என்பனவற்றையெல்லாம் ஆராய்ந்து, முதலில் ஆரம்ப அறிக்கையையும் பின்னர் 3 மாதத்துக்குள் பூரண அறிக்கையையும் நிதிப் பிரமாணம் 104இன்படி திணைக்களம் சமர்ப்பித்தே ஆகவேண்டும். தவறினால் கணக்காய்வு ஐயவினா மேசைமேல் வந்து விழும். அதே வண்டியிலிருந்து சாமான் இறக்கிய சிற்றூழியர் ஒருவரின் விரல் கதவிடுக்கில் நசுங்கிப் போனால், பெரும்பாலும் அந்தக் கோவையில் வந்து சேர்வன ஒரு வைத்தியச் சான்றிதழும் ஒரு லீவு விண்ணப்பமும் மட்டுமே. விசாரணை ஏதும் நடந்தால்கூட, அந்த மனிதர் கடமையில் இருந்தாரா, தம்முடைய சொந்தக் கவனயீனத்தால் காயமுற்றாரா என்பதை அறிந்து, லீவையோ நட்டஈட்டையோ கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பதற்காகவே அது நடக்கிறது. அவரை அந்த வேலைக்கு ஏவிய மேலதிகாரி அதற்கு முன்னர் என்ன செய்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே இடமேயில்லை.

பொறுப்பு என்பது என்னவென்று நமது அரசாங்கத்துக்குத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. பணத்தின் விஷயத்தில் அது அதனை நன்றாகவே அறிந்திருக்கிறது. அமைச்சின் செயலாளர் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தராகவும், திணைக்களத் தலைவர் கணக்கீட்டு உத்தியோகத்தராகவும் தத்தம் பெயரிலேயே பொறுப்பேற்று, பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவின் முன்னே நேரில் நின்று பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டமோ, நட்டத்துக்குக் காரணமான உத்தியோகஸ்தரிடமிருந்து அந்தத் தொகையை அறவிடும் அளவுக்குச் செல்கிறது. இவ்வளவு நுட்பமான ஓர் ஏற்பாட்டை ரூபாய்க்காகச் செய்து வைத்த அரசு, தன்னிடம் வேலை செய்யும் மனிதரின் சரீரத்துக்காக அதில் ஒரு பங்கையேனும் செய்யத் துணியாதிருப்பதே இங்கு நான் சொல்ல முற்பட்ட குறை.

தொழிற்பாதுகாப்பைக் கவனிக்கும் தொழில் திணைக்களத்தின் தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறியியலாளர்கள் அந்தத் திணைக்களத்தைச் சேர்ந்தவர்கள். 2009ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் உருவான தேசிய தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிறுவகமும் உண்டு. நாரஹேன்பிட்டியிலிருந்து பேஸ்லைன் வீதி வழியே தெற்கே வந்து, அது ஹைலெவல் வீதியைத் தொடும் கிருலப்பனைச் சந்தியில் அதிகாலையில் நின்று பார்ப்பவர், அரசாங்கத்தின் சம்பளத்தையோ மாநகர சபையின் சம்பளத்தையோ வாங்கிக்கொண்டு அபாயத்தின் நடுவே வேலை செய்வோர் எத்தனை வகையினர் என்பதைக் காணலாம். வாகனங்களின் ஓரத்தில் குனிந்து குப்பை கூட்டுகிறவர்கள், கால்வாய்க்கரைச் சேற்றில் இறங்குகிறவர்கள், டெங்கு நுளம்பைத் தேடி வீடுவீடாக ஏறி இறங்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், பழைய கட்டடத்தின் ஒழுகும் கூரையின் கீழ் மின்கம்பிகளுக்கிடையில் கோவைகளை அடுக்கும் எழுதுவினைஞர்கள் ஆகிய இவர்களில் எவரும் வேலை செய்யும் இடம் தொழிற்சாலையன்று. 1942இல் இயந்திரச் சக்கரத்தையும் கொதிகலனையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டத்துக்கு இவர்கள் புலப்படுவது கடினம். வேலைத்தலங்கள் அனைத்தையும் தழுவிய புதிய சட்டமொன்றைப் பற்றி நெடுங்காலமாகப் பேசி வருகிறோம். பேசியவர்களில் பலர் ஓய்வூதியமும் பெற்றுவிட்டார்கள்.

சேற்றில் இறங்குகிறவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் வாழும் கிருமி, காலில் உள்ள சிறு கீறலின் வழியே உட்புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கிப் பிராண அபாயத்தை விளைவிக்கிறது. 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் இந்நோய் என்று சந்தேகிக்கப்பட்டோர் 7000க்கும் மேற்பட்டவர்கள். வயலில் இறங்கும் விவசாயிக்கு, போகத் தொடக்கத்தில் டொக்சிசைக்கிளின் மாத்திரையை வாரந்தோறும் கொடுக்கும் நல்ல வழக்கத்தைச் சுகாதாரப் பகுதியினர் ஏற்படுத்தியிருக்கிறார்கள். நகரத்துக் கால்வாயில் இறங்குகிறவருக்கு முழங்கால்வரை இறப்பர்ச் சப்பாத்தும், கையுறையும், அந்த மாத்திரையும், வேலை முடிந்தபின் கழுவிக்கொள்ளச் சுத்தமான நீரும் கிடைப்பது எவருடைய கடமை? ஓவசியருடையது என்பார்கள். ஓவசியரிடம் போனால், சப்பாத்து வாங்கும் அதிகாரம் தமக்கில்லை, களஞ்சியத்துக்கு எழுதியாயிற்று, களஞ்சியம் கொள்வனவுப் பிரிவுக்கு எழுதியாயிற்று என்பார். அவர் சொல்வதும் உண்மையே. காரியம் கெட்டால் விளக்கம் கேட்கும் கடிதம் இறங்கி வந்து நிற்கும் இடமும் அந்த ஓவசியரின் மேசைதான். பணப்பையைப் பிடித்திருக்கும் கை ஒன்றாகவும், பழியைச் சுமக்கும் தலை வேறொன்றாகவும் இருக்கும்வரை எந்தச் சுற்றறிக்கையாலும் பிரயோசனம் இராது. மாநகர சபை குப்பை அகற்றும் வேலையின் ஒரு பகுதியைத் தனியார் கம்பனிகளுக்குக் கொடுத்திருப்பதால், ஒரே வீதியில் ஒரே துடைப்பத்தைப் பிடித்தவர்களுக்குள்ளும் எவர் எவருக்குப் பொறுப்பு என்பது இன்னும் மங்கலாகிவிட்டது.

எச்சரிக்கை முன்னரே வந்திருந்தும் அதை ஏற்று நடக்கவேண்டியவர் இன்னார் என்று குறிக்கப்படாமையால் நேரும் கேட்டுக்கு, கொழும்பு மக்கள் வேறு உதாரணம் தேடத் தேவையில்லை. 2017 ஏப்ரில் 14ஆம் திகதி, புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் நடுவே, மீதொட்டமுல்லையில் நகரத்தின் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. இறந்தவர்கள் அயலில் குடியிருந்தவர்களே. ஆயினும் கோவைகள் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்க, மலை வளர்ந்துகொண்டிருந்த விதத்தில் நமது நிருவாகத்தின் சுபாவம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அரசு தன்மேல் தானே வழக்குத் தொடுக்க முடியாது என்ற வாதம் நாம் பிரிட்டிஷாரிடமிருந்து பெற்ற சொத்துகளில் ஒன்று. அவர்களோ அதைப் பெருமளவுக்குக் கைவிட்டுவிட்டார்கள். 1984இல் இங்கிலாந்தின் வேக்பீல்ட் நகரத்து ஸ்டான்லி ரொய்ட் வைத்தியசாலையில் சமையலறையின் சீர்கேட்டால் உணவு நஞ்சாகி 19 நோயாளிகள் இறந்தபோது, முடியரசின் விலக்குரிமை காரணமாக அரசாங்க வைத்தியசாலையின்மேல் வழக்குத் தொடர இயலாது என்ற உண்மை பொதுமக்களைத் திடுக்கிடச் செய்தது. 1986இல் உணவு, தொழிற்பாதுகாப்பு ஆகிய சட்டங்களைப் பொறுத்தவரை அந்த விலக்குரிமையை அங்கே நீக்கிவிட்டார்கள். அமெரிக்க மத்திய அரசிலோ, 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியரின் பாதுகாப்பை ஒவ்வொரு நிறுவனத் தலைவரின் நேர்க்கடமையாக்கியதோடு, மேற்பார்வையாளர்களின் வருடாந்த மதிப்பீட்டில் இக்கடமையை எவ்வளவு நிறைவேற்றினார்கள் என்பதையும் அளக்கவேண்டும் என்று விதிகள் கட்டளையிடுகின்றன. அந்நாட்டில் அரசாங்க நிறுவனத்துக்குப் பொதுவாக அபராதம் விதிக்க முடியாது என்பது ஒரு பெருங்குறைதான். ஆயினும் உத்தியோகஸ்தரை அசைப்பது அபராதத்தைவிடப் பதவியுயர்வே என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். நம்மவரும் அந்த விஷயத்தில் வேறுபட்டவர்கள் அல்லர்.

ஆகவே என்னுடைய யோசனை மிகச் சிறியது. வண்டிக்கு உள்ள 104ஐப் போன்ற ஒரு பிரமாணத்தை மனிதருக்கும் திறைசேரி உண்டாக்கட்டும். கடமையில் ஊழியர் காயமுற்றாலோ, தொழிலினால் நோயுற்றாலோ, அபாயத்தைப் பற்றி முன்னரே அறிவிக்கப்பட்டதா, எவருக்கு, எப்போது, அவர் செய்தது என்ன என்ற கேள்விகளுக்கு விடையளிக்கும் அறிக்கை அதே கால எல்லைக்குள் சமர்ப்பிக்கப்படட்டும். அதன் பிரதி தொழில் திணைக்களத்துக்கும் கணக்காய்வுக்கும் செல்லட்டும். விடையளிக்கத் தவறிய மேலதிகாரியின் வருடாந்தச் சம்பள ஏற்றம் அந்த விடை வரும்வரை நிற்கட்டும். பணமில்லை என்ற பதில் இதற்குப் பொருந்தாது. பணமில்லை என்று எழுதிக் கையொப்பமிடுபவர் எவர் என்பது தெரிந்தாலே பாதிக் காரியம் ஆகிவிடும்.

தொழிற்சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. அபாயமான வேலை என்று கண்டவுடன் அதற்கு விசேஷ கொடுப்பனவு கேட்பதே அவர்களின் நெடுநாள் வழக்கம். மாதச் சம்பளத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்துவிட்டால் அபாயத்தை அப்படியே விட்டுவைக்கலாம் என்பதால் திணைக்களங்களும் அதற்கு மனமுவந்து இணங்கிவிடுகின்றன. உடனடியான பாரதூர அபாயம் உண்டென்று நியாயமாக நம்பி வேலையைவிட்டு விலகுகிற தொழிலாளி அதன் காரணமாகத் துன்புறுத்தப்படலாகாது என்று சர்வதேச தொழில் தாபனத்தின் 1981ஆம் ஆண்டு 155ஆம் இலக்கச் சமவாயம் கூறுகிறது. 2022 முதல் அது அத்தாபனத்தின் அடிப்படைச் சமவாயங்களுள் ஒன்று. கொடுப்பனவுக்காகக் கொடி பிடிக்கும் சங்கங்கள் இந்த உரிமைக்காகவும் பேசலாம். அதுவரைக்கும், மேற்சொன்ன அறிக்கையில் மேலதிகாரியின் கையொப்பத்துக்குப் பக்கத்தில், காயமுற்றவர் தாமே தெரிந்தெடுத்த சக ஊழியர் ஒருவரின் கையொப்பத்துக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தால் அறிக்கையைத் திருப்பியனுப்ப வேண்டும்.