கொடுத்ததைக் காப்பதே இந்த ஆண்டின் பணி: ரோட்டரி சங்க ஆட்சிக்குழுவின் நிலைப்பாடு

ஜூலை 1 முதல் எங்கள் ரோட்டரி சங்கத்துக்குப் புதிய தலைவர் பொறுப்பேற்றிருக்கிறார். அரசு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவர். ஆட்சிக்குழுவின் முதல் கூட்டத்திலேயே தம் திட்டத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இந்த ஆண்டு சங்கத்தின் பணத்தில் புதிய கட்டடம் கிடையாது, புதிய இயந்திரம் கிடையாது. இதுவரை சங்கத்தின் பெயரால் இந்த ஊருக்குக் கொடுக்கப்பட்டவை ஓடுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்போம். நின்றுபோனதை ஓட வைப்போம்.

செய்தி வெளியே போனதும் கேள்விகள் வந்தன. சங்கத்தில் பணம் தீர்ந்துவிட்டதா என்று நன்கொடையாளர் சிலர் கேட்டார்கள். புதுத் திட்டம் இல்லாத தலைவருக்கு என்ன பெருமை என்று உறுப்பினர் சிலரே வருந்தினார்கள். ஆட்சிக்குழு இந்தத் திட்டத்தை ஒருமனதாக ஏற்றிருக்கிறது. அதற்கான காரணங்களை ஊருக்குச் சொல்வது எங்கள் கடமை.

ரோட்டரியில் தலைவர் பதவி ஓராண்டுதான். ஜூன் 30 வந்தால் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் பதவிச் சின்னமான காலரைக் கழற்றி அடுத்தவர் கழுத்தில் போட்டாக வேண்டும். யாரும் பதவியில் ஒட்டிக்கொள்ள முடியாத இந்த வழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் இதில் ஒரு கேடும் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் ஆண்டுக்கென்று ஒரு திறப்பு விழா, ஒரு கல்வெட்டு வேண்டும் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் அடங்காத வேலை கவனிப்பாரின்றிக் கிடக்கிறது.

எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். அதனால்தான் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் முதலில் ஆர்.ஓ. இயந்திரம் என்கிறார்கள். கொடுப்பது எளிது. அதற்குப் பிறகு நடப்பதை யாரும் கேட்பதில்லை. வண்டலைப் பிடிக்கும் முதல் வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் மெம்பரேன் நல்ல நீரிலேயே இரண்டு மூன்று ஆண்டுதான் உழைக்கும். உப்பு மிகுந்த நீரில் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் போகும். மாற்றுவதற்கான பணம் தலைமை ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்துதான் வர வேண்டும் என்றால் ஒருமுறை வரும், இரண்டுமுறை வரும். அதன்பிறகு இயந்திரத்துக்கு மேல் துணி போர்த்தப்படும். பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார்கள். திறந்துவைத்தவர் பெயர் மட்டும் சுவரில் பளிச்சென்று இருக்கும்.

கழிப்பறைகளின் கதை இதைவிட வேதனையானது. மாணவியர்க்கென்று கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்றாலோ, கழுவுபவருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை என்றாலோ அது பூட்டப்பட்டுவிடும். பூட்டிய கழிப்பறையால் ஒரு பெண்பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். இதைத் தலைவர் கூட்டத்தில் சொன்னபோது அறையில் யாரும் பேசவில்லை. இந்த ஆண்டின் சேவை நிதியில் முதல் ஒதுக்கீடு பள்ளிக் கழிப்பறைகளின் தண்ணீருக்கும் துப்புரவுப் பணியாளரின் ஊதியத்துக்கும்தான். இதில் இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறோம்: கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. எங்கள் பணம் உறிஞ்சு லாரிக்கு மட்டுமே போகும். அவசரம், லாரி கிடைக்கவில்லை என்ற எந்தச் சமாதானத்தையும் ஏற்கமாட்டோம்.

இரத்ததான முகாம் பற்றித் தலைவர் சொன்னது எங்களில் பலர் அதுவரை யோசித்துப் பாராதது. சுதந்திர தினம், தலைவர்களின் பிறந்தநாள் என்று ஊரிலுள்ள எல்லா அமைப்புகளும் ஒரே நாளில் முகாம் நடத்துகின்றன. இரத்த வங்கியின் குளிர்பெட்டி நிரம்பி வழிகிறது. ஆனால் சிவப்பணுக்களை 35 நாள், கூடிப்போனால் 42 நாள்தான் வைத்திருக்க முடியும். பிளேட்லெட்டுக்கு ஆயுள் ஐந்தே நாள். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும்தான் கொடுக்கலாம் என்பதால், ஆகஸ்டில் கொடுத்தவர்களை அக்டோபரில் கூப்பிட முடியாது. அக்டோபரிலோ மழையும் டெங்குவும் சேர்ந்து வந்து நிற்கும். கல்லூரிகள் மூடியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் கொடையாளர்களையே காண முடியாது. பிரசவத்தில் இரத்தம் போகும் தாய்க்கும், சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியே தீர வேண்டிய தலசீமியா குழந்தைக்கும் கோடை விடுமுறை கிடையாது.

ஆகவே இந்த ஆண்டு பெருமுகாம் இல்லை. மாதந்தோறும் சிறு முகாம். கொடையாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழு எந்த மாதம் வர வேண்டும் என்பதை இரத்த வங்கியைக் கேட்டே முடிவு செய்வோம். ஏப்ரல், மே மாதங்களுக்குக் கடைத்தெரு வணிகர்களும் அரிசி ஆலைத் தொழிலாளர்களும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரே நாளில் இத்தனை யூனிட் என்று செய்தித்தாளில் வராது. வராமல் போகட்டும்.

இது ரோட்டரியின் மரபுக்கு மாறானது என்று சொல்பவர்களுக்கு ரோட்டரியின் வரலாற்றையே நினைவூட்ட விரும்புகிறோம். 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய இந்த இயக்கத்தை இன்று உலகம் அறிந்திருப்பது முக்கியமாக எதனால்? போலியோ ஒழிப்பால். 1985இல் போலியோபிளஸ் திட்டம் தொடங்கியது. இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. போலியோ இல்லாத நாடு என்ற சான்று 2014 மார்ச்சில் கிடைத்தது. நடுவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். ஒவ்வொரு சங்கத்திலும் ஏறத்தாழ முப்பது தலைவர்கள். யாரும் இதை என் ஆண்டின் திட்டம் என்று உரிமை கொண்டாடவில்லை. முந்தையவர் விட்ட இடத்திலிருந்து சொட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த முப்பது பேரில் ஒருவராக இருப்பதுதான் பெருமை என்று எங்கள் தலைவர் நம்புகிறார். நாங்களும் நம்புகிறோம்.

எங்கள் மண்ணிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அடுத்த சில நாட்களில் எங்கெங்கிருந்தோ தார்ப்பாயும் அரிசியும் போர்வையும் லாரி லாரியாக வந்தன. வந்த ஒவ்வொரு கைக்கும் இந்த மக்கள் நன்றி மறக்கமாட்டார்கள். ஆனால் விழுந்த மரத்துக்கு ஈடாக வைத்த நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதை வைத்துப் பிழைக்கும், கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்க ஐந்தாறு தலைவர்களின் காலம் தொடர்ந்து வேலை செய்யும் ஒரு சங்கம் வேண்டும். அப்படிப்பட்ட சங்கமாக மாறவே நாங்கள் முனைகிறோம்.

இனி வரும் ஆண்டுகளில் புதிதாக எதையும் தரவே மாட்டோம் என்று பொருளில்லை. ஆனால் தருவதற்கு முன் ஓர் எழுத்துப்பூர்வ உடன்பாடு இருக்கும். மின்கட்டணம் யாருடையது, வடிகட்டி மாற்றுவது யார், பழுது என்றால் யாரைக் கூப்பிடுவது, ஐந்தாண்டுக்கு அதற்கான பணம் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பள்ளியென்றால் தலைமை ஆசிரியரோடு பள்ளி மேலாண்மைக் குழுவும் கையெழுத்திட வேண்டும். பெற்றோருக்குத் தெரியாமல் வந்து இறங்கும் பொருளுக்குப் பெற்றோர் காவல் நிற்கமாட்டார்கள். அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் தலைவராகத் தேர்வாகியிருக்கும் இருவரும் இந்தத் தீர்மானத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் இந்த அறிக்கைக்கு ஓராண்டுதான் மதிப்பு. புயல், வெள்ள நிவாரணத்துக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் பொருந்தாது.

அரசு செய்ய வேண்டியதை நீங்கள் ஏன் செய்கிறீர்கள் என்ற கேள்வி நியாயமானது. அரசின் கடமையை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பெயரைப் பொறித்து நாங்கள் வைத்துவிட்டு வந்த பொருளுக்கு நாங்களே பொறுப்பு என்கிறோம், அவ்வளவுதான். நகராட்சி குடிநீர் இணைப்பு தர வேண்டிய இடங்களில் மனு கொடுப்போம், திரும்பத் திரும்பக் கொடுப்போம்.

நன்கொடையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்ற விருப்பத்தை நாங்கள் குறைவாக நினைக்கவில்லை. தாய் தந்தையர் நினைவாகக் கொடுப்பவர்களின் மனம் எங்களுக்குத் தெரியும். உங்கள் தாயார் பெயரில் ஒரு பள்ளியின் குடிநீர்ச் செலவை ஐந்தாண்டு ஏற்றுக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் விலை அளவுக்குக்கூட அது ஆகாமல் போகலாம். ஆனால் அந்தப் பெயரைப் பிள்ளைகள் தினமும் படிப்பார்கள். ரோட்டரி மாவட்ட விருதுகளைப் பொறுத்தவரை, புதிய திட்டங்களுக்கான மதிப்பெண்ணை இந்த ஆண்டு இழப்போம் என்று அறிந்தே முடிவெடுத்திருக்கிறோம்.

சங்கம் கொடுத்த பொருட்களின் பட்டியலும் அவற்றின் இன்றைய நிலையும் ஆகஸ்ட் இறுதிக்குள் சங்க அலுவலக அறிவிப்புப் பலகையில் வைக்கப்படும். எது ஓடுகிறது, எது நின்றது, எதைச் சரிசெய்ய எவ்வளவு ஆனது என்ற கணக்கு மாதந்தோறும் புதுப்பிக்கப்படும். பட்டியலில் விடுபட்டது உங்கள் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். பணத்தைவிட இப்போது எங்களுக்கு வேண்டியவர்கள் எலக்ட்ரீஷியன்கள், பிளம்பர்கள், மோட்டார் வைண்டிங் தெரிந்தவர்கள். அவர்கள் உறுப்பினராகச் சேர வேண்டியதில்லை, சந்தா கட்ட வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அரைநாள் தந்தால், பொருட்செலவும் வண்டிச் செலவும் சங்கத்துடையது.

தலைவர், செயலாளர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள்