கேரவனுக்கு வீட்டு ப்ளக் போதுமா?

செட்டிநாட்டு வீடுகளில் படப்பிடிப்பு என்றால் வாசலில் கேரவன் வந்து நிற்கும். சென்ற மாதம் எங்கள் தெருவில், ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பயந்து முகப்பு ப்ளக்கில் ஒயரைச் சொருகினார்கள். ப்ளக் உருகிவிட்டது.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த கணக்குதான்: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் ப்ளக் 1,380 வாட் தாங்கும். 16 ஆம்பியர், 3,680. ஏசி 1,500, கீசர் 2,000, மைக்ரோவேவ் 1,200. சேர்த்துப் போட்டால் 4,700!

ஆகவே வீட்டுக்காரர்களே, எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் உள்ள 16 ஆம்பியர் ப்ளக் மட்டும் கொடுங்கள். கீசர் ஓடும்போது ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி முழுக்க இரும்பு. எர்த் இல்லையேல் தொட்டவர் உயிருக்கே ஆபத்து. பழைய ஒயரிங் என்றால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். ஒருநாள் வாடகைக்காக பர்மா தேக்கைப் பணயம் வைக்கலாமா?