ஜில்லா போர்டு நாற்காலியும் ஜனங்களின் உயிரும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து ஊர்களில் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் ஒருவரையோ, அல்லது இனிமேல் இருக்க ஆசைப்படுகிறவர் ஒருவரையோ கண்டு, "அந்த உத்தியோகத்தின் வேலை என்ன?" என்று யாராவது கேட்பார்களேயானால், அவர் உடனே ரோடு, தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, கோவில் பொங்கலுக்குப் பந்தல் வெளிச்சம் என்று விரல்விட்டு எண்ணிக்காட்டுவார். "சரி, ஊர் ஜனங்களின் உடம்பு, உயிர், பிள்ளைப்பேறு, நோய் நொடி இவைகள் யார் பொறுப்பு?" என்று மேற்கொண்டு கேட்டால், "அது ஆஸ்பத்திரிக்காரர் சமாசாரம்" என்பார். ஆஸ்பத்திரிக்காரர் ஜில்லா சுகாதார அதிகாரியைக் காட்டுவார். அதிகாரி சென்னையைக் காட்டுவார். சென்னை டில்லியைக் காட்டும். டில்லிக்கு அப்பால் காட்டுவதற்கு ஆள் இல்லாததால் அங்கே கடவுளைக் காட்டிவிடுவார்கள். கடவுளை யாரும் கேள்வி கேட்க முடியாதாகையால் விஷயம் அத்தோடு தீர்ந்து போகும்.

ஆனால் இந்தக் கைகாட்டி வேலைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1920 ஆம் வருஷத்துச் சென்னை ஸ்தல ஸ்தாபனச் சட்டப்படி ஏற்பட்ட ஜில்லா போர்டுகளுக்கு ரோடு போடுவது எப்படிக் கடமையோ, அப்படியே ஆஸ்பத்திரி நடத்துவதும், அம்மை குத்துவதும், பள்ளிக்கூடம் வைப்பதும் கடமையாக இருந்தன. 1939 இல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் என்று ஒன்று வந்தது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் செய்த முதல் மாகாணம் நம்முடையதேயாகும். அச்சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. முனிசிபாலிட்டிகள், சர்க்கார் மான்யம் நீங்கலாகத் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு 30-க்குக் குறையாமலும், ஜில்லா போர்டுகள் நூற்றுக்கு பன்னிரண்டரைக்குக் குறையாமலும் ஜனங்களின் சுகாதாரத்திற்கென்று ஒதுக்கி வைக்க வேண்டுமென்று அதில் எழுதியிருக்கிறது. திருவிழாக் கூட்டங்களில் கக்கூசு, குடிதண்ணீர், வைத்தியம் இவைகளுக்கு ஏற்பாடு செய்வதற்கென்றே அதில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. ஆகவே சுகாதாரம் என்பது யாரோ ஒரு தர்மவான் மனமிரங்கிக் கொடுக்கும் பிச்சையல்ல. வரி கொடுக்கிறவனுக்குத் தன் வரியிலேயே எழுதி வைக்கப்பட்ட பங்கு.

நிற்க, ஸ்தல ஸ்தாபன நாற்காலியில் உட்காருகிறவனுக்கு மனமிருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நாம் சீமைக்குப் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்த வட்டாரமெல்லாம் அன்று இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1920-களின் கடைசியில் அந்த ஜில்லா போர்டுக்குத் தலைவராக வந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மகாநாட்டுக்கு அக்கிராசனம் வகித்தவரும் அவரே. அந்தக் காலத்தில் ஆதிதிராவிடர்களை ஏற்றமாட்டோம் என்று பஸ்காரர்கள் பகிரங்கமாகச் சொல்லி வந்தார்கள். சௌந்தரபாண்டியன் அவர்களுக்கு தர்மோபதேசம் செய்யவில்லை. சமபந்தி போஜனத்திற்குக் கூப்பிடவில்லை. யாராயிருந்தாலும் ஏற்ற மறுத்தால் லைசென்சு ரத்தாகும் என்று ஒரு உத்தரவு போட்டார். அவ்வளவுதான். ஆயிரம் வருஷத்து சாஸ்திரத்தைவிட லைசென்சு பெரிதென்று பஸ் முதலாளிகளுக்கு ஒரே நாளில் ஞானோதயமாகிவிட்டது! ஜில்லா போர்டுப் பள்ளிக்கூடங்களிலும் ஆதிதிராவிடப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று கண்டிப்புச் செய்தார்.

"பஸ்ஸுக்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். பத்து மைலுக்கு அப்பால் ஆஸ்பத்திரி இருக்கிறது. போவதற்கு ஒரே ஒரு பஸ் இருக்கிறது. அந்த பஸ்ஸில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றக்கூடாது என்று சொன்னால், அவள் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது, வீட்டிலேயே சாகவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் உண்டா? ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, அங்கே போகும் வழியை ஜாதியால் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த அடைப்பை நீக்கியவன் டாக்டருக்குச் சமமான வேலையைச் செய்தவனாவான்.

இதில் இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. சௌந்தரபாண்டியன் பிறந்த சமூகத்தை, கோவிலுக்குள் வரக்கூடாதென்று மற்றவர்கள் தடுத்து, 1899 இல் சிவகாசியில் பெரிய கலகமே நடந்தது. கமுதிக் கோவில் வழக்கு சீமை வரை போய், 1908 இல் பிரிவி கவுன்சிலிலும் தோற்றுப் போனது. அதற்குப் பிறகு அச்சமூகத்தார் தங்களுக்குள்ளேயே மகமைப் பணம் பிரித்தும், வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கியும் பள்ளிக்கூடம் நடத்தி முன்னுக்கு வந்தார்கள். அது மெச்சத்தக்க காரியமே. ஆனால் தனக்கு விழுந்த அடியை நினைத்துக்கொண்டு, தனக்குக் கீழே வைக்கப்பட்டவனுக்கு விழுகிற அடியைத் தடுக்கப் போனவர் எத்தனை பேர்? அதைச் செய்தார் என்பதற்காகவே அவரைப் பேசுகிறோமே தவிர, சென்னை தியாகராய நகரில் ஒரு கடைவீதிக்கு அவர் பேர் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக அல்ல.

இன்று நாடு முழுவதும் பேசப்படும் பள்ளிக்கூடச் சாப்பாடும் இப்படி ஒரு ஸ்தல ஸ்தாபனத் தீர்மானத்திலிருந்து முளைத்ததுதான். 1920 இல் சென்னைக் கார்ப்பொரேஷனில் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் மத்தியானச் சாப்பாடு போடுவதென்று தீர்மானித்தார்கள். 1956 இல் காமராஜர் அதை மாகாணத்துக்கு விரித்தார். 1982 இல் சத்துணவாயிற்று. 2022 இல் காலைச் சாப்பாடும் சேர்ந்தது. ஒரு அணாவுக்கு வந்த விருத்தியைப் பாருங்கள்!

காமராஜரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுவோம். 1941 இல் அவர் சிறையிலிருக்கும்போதே விருதுநகர் முனிசிபாலிட்டிக்குச் சேர்மனாகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர், தன்னால் முழுக்கவனம் செலுத்த முடியாத உத்தியோகம் தனக்கு வேண்டாமென்று ராஜினாமா செய்துவிட்டார். அரசியலில் அவரோடு நமக்கு அன்று எவ்வளவோ சண்டையுண்டு. ஆனால் செய்ய நேரமில்லாத வேலையின் பட்டத்தை மட்டும் சுமக்கமாட்டேன் என்ற யோக்கியதையை மறுக்க முடியுமா? இப்போது தலைவர் பட்டத்தை மோட்டார் காரின் முகப்பில் எழுதிக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசற்படியைக் கூட மிதிக்காமல் ஐந்து வருஷம் கழித்தவர்களை நாம் அறிவோம்.

இனி, இவ்வட்டாரத்தின் சொந்தச் சங்கதிக்கு வருவோம். மற்ற ஊர்களில் மருந்து என்றால் நோய் தீர்ப்பது. சிவகாசியில் மருந்து என்றால் பட்டாசுக்குள் செலுத்துவது. ஒரே பெயர். ஒன்று உயிரைக் காக்கிறது, மற்றொன்று வயிற்றைக் கழுவுகிறது, சமயத்தில் உயிரையும் வாங்குகிறது. 1923 இல் கல்கத்தாவிலிருந்து தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே ஆரம்பித்த நாள் முதல், மழையில்லாத கரிசல் காட்டு ஜனங்களுக்கு இதுவே கதியாகிவிட்டது. தொழில் வேண்டாமென்று சொல்லுகிறவர்கள் நாமல்ல. வேலை கொடுப்பதற்கு விலையாக உயிரைக் கேட்கக்கூடாது என்றுதான் சொல்லுகிறோம்.

கோழி கூப்பிடும் முன்னே ஊருக்குள் ஆலை வண்டி வந்து நின்று, தூக்கச் சட்டி கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அந்த வண்டியைப் பஞ்சாயத்துத் தலைவர் பார்க்கவில்லையா? மெம்பர் பார்க்கவில்லையா? முன்பணம் கொடுத்துப் பிள்ளை பிடித்த ஏஜெண்டு பல இடங்களில் அவர்களுக்குச் சொந்தக்காரனாகவே இருந்தான். உள்ளூரில் எல்லோரும் விடியற்காலையில் கண்ணால் கண்ட விஷயத்தை, டில்லியில் இருக்கும் சுப்ரீம் கோர்ட்டு கண்டுபிடித்து, 1996 டிசம்பரில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி ரூ.20,000 கட்டவேண்டுமென்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மேற்பார்வை என்பது மேலேயிருந்து பார்ப்பதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் போலும்! பக்கத்திலிருந்து பார்க்கிறவன் கண்ணை மூடிக்கொண்டால், மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு எத்தனை வருஷம் கழித்துத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டியதில்லை.

2012 செப்டம்பர் 5 ந் தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஆலை வெடித்து 40 பேர் அளவில் மாண்டார்கள். மாண்டவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. சத்தங்கேட்டு, உதவி செய்யவும் பார்க்கவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். ஆலை தீப்பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும், எப்போது கிட்டே போகலாம், தீப்பட்டவன்மேல் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அந்த ஜனங்களுக்கு யாராவது ஒருநாள் சொல்லியிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்? அதற்கு நாகப்பூரிலிருந்து லைசென்சு வாங்க வேண்டுமா? ஒரு தமுக்கும் ஒரு நோட்டீசும் போதாதா? அதன் பிறகும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில், 2023 அக்டோபர் 17 ந் தேதி ரெங்கபாளையத்தில் என்று கணக்கு வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. செத்தவர்களில் பெண்களே மிகுதி. ஒவ்வொரு தடவையும் மந்திரி வருகிறார், மாலை போடுகிறார், லட்சக்கணக்கில் உதவித்தொகை அறிவிக்கிறார். ஊரார் "விதி முடிந்தது" என்று தலையில் அடித்துக்கொள்ளுகிறார்கள்.

விதியாவது வெங்காயமாவது! நாலுபேர் உட்காரவேண்டிய அறையில் பத்துப்பேரை உட்கார வைத்தது விதியா? லைசென்சை ஒருவன் பேரில் வாங்கி, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டது விதியா? தீபாவளி நெருக்கத்தில் மரத்தடியிலும் வெயிலிலும் மருந்து கலக்கச் சொன்னது விதியா? அலுமினியப் பவுடரும் கந்தகமும் உப்பும் உராய்ந்தால் தீப்பிடிக்கும். அது பிராமணன் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பிடிப்பதில்லை. ஆயுத பூஜையன்று ஷெட்டுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்கிற முதலாளி, அந்தப் பூசணிக்காய் விலைக்கு மணல் வாளி வாங்கி வைத்தால் பிரயோஜனமுண்டு.

விதியைப் போலவே நம்மவர்களை ஏமாற்றிவந்த இன்னொன்று ஆத்தாள். இருக்கன்குடியில் ஆடி கடைசி வெள்ளிக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்கள். விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கு ஊரே கூடுகிறது. அம்மை கண்டால் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலையைச் சொருகி, அம்மை குத்த வந்த போர்டு சேவகனைக் கண்டு பிள்ளையைக் குதிருக்குள் ஒளித்து வைத்த ஜனங்கள் நாம். 1975 இல் இந்தியாவில் பெரியம்மை தீர்ந்தது. 1980 இல் உலகத்திலேயே இல்லையென்று அறிக்கை வந்தது. தீர்த்தது யார்? ஜென்னர் கண்டுபிடித்த ஊசியும், வெயிலில் வீடுவீடாக அலைந்து குத்தியவனுமே. ஆத்தாளுக்கு வேலை போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் கூழும் கிடாயும் நிற்கவில்லை. குத்தியவனுக்கு ஒரு கற்பலகை கூடக் கிடையாது.

"எங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? டாக்டரை மாற்ற முடியுமா? ஆலையை மூட முடியுமா?" என்று ஸ்தல ஸ்தாபனக்காரர்கள் கேட்பதில் உண்மை இல்லாமலில்லை. ஜில்லா போர்டை ஒழித்தார்கள். 1994 சட்டப்படி ஜில்லாப் பஞ்சாயத்து என்று பேர் வந்தது, அதிகாரம் வரவில்லை. ஆஸ்பத்திரி சென்னைக்கு அடக்கம், லைசென்சு நாகப்பூருக்கும் கலெக்டருக்கும் அடக்கம். போதாக்குறைக்கு, 2016 இல் நடக்கவேண்டிய தேர்தலைக் கிராமங்களுக்கு 2019 டிசம்பர் வரையிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரையிலும் நடத்தாமல் தனி அதிகாரிகளை உட்கார வைத்தார்கள். 2025 ஜனவரியில் இந்த ஜில்லாவின் கிராமப் பஞ்சாயத்துகள் மறுபடியும் தனி அதிகாரிகள் கைக்கே போயின. ஜனநாயகம் என்பது இப்படி விட்டுவிட்டு வருகிற முறைக்காய்ச்சலா என்று சர்க்காரைக் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் டாக்டரை மாற்ற அதிகாரமில்லாதவனுக்கு, டாக்டர் வந்தாரா என்று பார்க்கக் கண்ணில்லையா? 2018 இல் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு, நோயைத் தடுக்கவேண்டிய சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே, எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தத்தை ஏற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் விசாரணை என்ன, சஸ்பெண்டு என்ன! அதற்கு முன்னால் அந்த இரத்தச் சோதனைக் கணக்கைக் கேட்க ஊரார் தரப்பில் ஒரு மனிதன் இருந்தானா என்பதே நம் கேள்வி. பெண்களுக்குப் பாதி ஸ்தானம் என்று சட்டம் வந்து, ஆலைக்குப் போகிற பெண்களின் கஷ்டம் தெரிந்தவர்களும் மெம்பர்களாக வந்தார்கள். வந்து என்ன? அனேக ஊர்களில் கையெழுத்து மனைவியுடையது, நாற்காலி புருஷனுடையது. நம் இயக்கத் தோழர்கள் வீடுகளும் இதற்கு விலக்கல்ல என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்ளுகிறோம்.

1931 ஆகஸ்டில் மூன்றாவது மாகாண சுயமரியாதை மகாநாடு நடந்த ஊர் விருதுநகர். அந்த ஊரைச் சுற்றியிருக்கும் தோழர்கள் வருகிற மே 1 ந் தேதி கிராமசபைக்கு, தலைவர் இருந்தாலும் சரி, தனி அதிகாரி இருந்தாலும் சரி, தவறாமல் போகவேண்டும். நம் ஊரிலிருந்து பட்டாசு வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர், எந்த எந்த ஆலைக்கு. சென்ற வருஷத்தில் தீப்பட்டவர் எத்தனை பேர், அவர்களில் யாருக்கு இன்னும் வைத்தியம் நடக்கிறது. தீப்பட்டவனை முதல் ஒரு மணி நேரத்தில் எந்த வண்டியில் எங்கே கொண்டுபோவது. சுகாதார நிலையத்தில் போன மாதம் டாக்டர் வந்த நாட்கள் எத்தனை என்று இந்த நாலையும் எழுத்து மூலமாகக் கேட்கவேண்டும். எவனாவது கோவில் வளைவுக்கு நிதி கேட்டு எழுந்தால் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். "எங்களிடம் கணக்கில்லை" என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே அப்படியே தீர்மானப் புஸ்தகத்தில் எழுதச் சொல்லி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.