கிரானைட் பாறை நீரில் யுரேனியம்: கண்காணிப்பில் இருந்து விடுபடும் கிராமங்கள்

புது தில்லி: கிழக்குக் கர்நாடகத்தின் 73 கிராமங்களில் நிலத்தடி நீரைப் பரிசோதித்த இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள், 57 கிராமங்களில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டியிருப்பதைக் கண்டறிந்தனர். வரம்பை 60 மைக்ரோகிராம் எனக் கொண்டால் அந்த எண்ணிக்கை 48 ஆகக் குறைகிறது. இடைப்பட்ட ஒன்பது கிராமங்களின் தண்ணீர் ஒன்றே. மாறுவது அளவுகோல் மட்டுமே.

முதல் வரம்பு உலக சுகாதார அமைப்பினுடையது. இரண்டாவது இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தினுடையது. வாரியம் கதிர்வீச்சைக் கணக்கிட்டது. உலக அமைப்பு சிறுநீரகப் பாதிப்பைக் கருத்தில் கொண்டது. இந்திய தர நிர்ணய அமைவனம் பின்னர் குடிநீருக்கு 30 மைக்ரோகிராம் வரம்பையே ஏற்றது. இது சரியான முடிவு. யுரேனியம்-238 பாதியாகச் சிதைய சுமார் 450 கோடி ஆண்டுகள் ஆவதால் அதன் கதிரியக்கம் வலுக் குறைந்தது. குடிநீரில் அது முதன்மையாக ஒரு நச்சு உலோகமாகவே சிறுநீரகத்தைத் தாக்குகிறது.

கிரானைட்டில் யுரேனியம் இருப்பது இயல்பு. பாறைக்குழம்பு குளிரும்போது பொதுவான கனிமங்களில் இடம்பெறாத இத்தனிமம், கடைசியில் உறையும் பகுதியில் சேர்கிறது. ஆனால் பழியைப் பாறையின் மீது மட்டும் போட முடியாது. பைகார்பனேட் மிகுந்த, ஆக்சிஜன் கலந்த நீரில் யுரேனியம் எளிதில் கரைகிறது. ராஜஸ்தான், குஜராத் கிணறுகளை ஆராய்ந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு, நீர்மட்டச் சரிவும் நைட்ரேட் மாசும் இதைத் தீவிரப்படுத்தக்கூடும் எனச் சுட்டியது. வறண்ட கோலாரில் ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுதோறும் மேலும் ஆழமாகத் தோண்டப்படுகின்றன.

ஜார்க்கண்டின் சிங்பூம் பகுதியில் நிலைமை வேறு. அங்குள்ள ஜாதுகுடாவில் சிஸ்ட் வகைப் பாறைகளில் இருந்து 1960களின் இறுதி முதல் யுரேனியத் தாது எடுக்கப்படுகிறது. சுரங்கக் கழிவுக் குட்டைகள் குறித்து உள்ளூர் மக்கள் நெடுங்காலமாகப் புகார் கூறுகின்றனர். நிறுவனம் அதை மறுக்கிறது. சர்ச்சை ஓயவில்லை என்றாலும், அளப்பதற்கென்று சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடமாவது அங்கு உண்டு. சுரங்கமே இல்லாத கிரானைட் கிராமங்களுக்கு அந்த வசதியும் இல்லை.

ஊராட்சிகளுக்கு வழங்கப்படும் களப் பரிசோதனைப் பெட்டிகள் புளோரைடு, நைட்ரேட் போன்றவற்றைக் காட்டும், யுரேனியத்தைக் காட்டாது. அதற்கு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்சவ்வூடு பரவல் முறைச் சுத்திகரிப்பு, அதாவது ஆர்.ஓ., யுரேனியத்தைப் பெருமளவு நீக்கும். ஆனால் நீக்கப்பட்டது கழிவுநீரில் செறிந்து நிற்கும். அந்த நீர் தெருவோரச் சாக்கடையில் விடப்பட்டால் மீண்டும் அதே மண்ணுக்குள்தான் இறங்கும்.